மாப்பிள்ளை விழுந்தால் மலையைப் பார்

பனிச்சரிவை ஒட்டியே தார்ச்சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. அதில் நான் கீழே நடந்துகொண்டிருந்தேன். முதுகில் பை, கக்கத்தில் இடியாப்ப உரல். எதிரே ஏறிவந்த கார்க்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து உரலை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். என்ன ஆயுதம் என்று யோசித்திருப்பார்.

வேலையை விட்டுப் போகச் சொல்லி அரைமணி நேரம் ஆகியிருந்தது. செய்த குற்றம், மாப்பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தது.

வேலை போவது எனக்குப் புதிதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புதுமடத்தில் வள்ளம், மதுரையில் பரோட்டாக் கல், தூத்துக்குடியில் உப்பு மூட்டை, ஷார்ஜாவில் லேபர் கேம்ப் சமையல் என்று இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஓரிடத்தில் எங்களுக்குச் சொல்லாமலே கடையை மூடிவிட்டுப் போனார்கள். இன்னோரிடத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தால் என் கட்டிலில் வேறொருவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஆனால் ஜார்ஜியா நாட்டில், ஆளுயரப் பனிக்கு நடுவில், கஞ்சிக்காக வேலை போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அந்த வீட்டிலோ சிரிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். அதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

கீழக்கரையில் கல்யாணம் முடிந்ததும் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவரை எப்படித் தாங்குகிறோம் என்பதில் வீட்டுக்கு வீடு போட்டி உண்டு. துபாயில் என் முதலாளியின் கம்பெனி மெஸ்ஸில் நான் சமைத்துக்கொண்டிருந்தேன். மகள் ரைகானாவின் கல்யாணத்துக்கு என்னையும் ஊருக்குக் கூட்டிப் போனார். நாற்பது நாள் மாப்பிள்ளை விருந்து, ஒரு நாள் வைத்த கறி மறுநாள் வரக் கூடாது என்பது ஏற்பாடு. காலையில் இடியாப்பமும் பாயாவும் வட்டலப்பமும். பகலுக்கு நெய்ச்சோறு, குருமா, பொரித்த மீன். சாயங்காலம் பணியாரம், அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கிண்டிய தொதல். இதற்கு நடுவில் மாப்பிள்ளை எழுந்து நின்றால் "என்ன வேணும்?" என்று நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

மாப்பிள்ளை பெயர் சாதிக். ராமநாதபுரத்தில் மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிணற்றுக்குள் கயிறு கட்டி இறங்கி, பம்பைத் தோளில் போட்டு ஏறிய ஆள். இந்த வீட்டில் அவருக்குத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கக்கூட அனுமதி கிடையாது.

ரைகானா துபாயில் வளர்ந்த பெண். அங்கே ஒரு கட்டடத்துக்குள் செயற்கைப் பனி கொட்டிச் சறுக்கவிடுவார்கள். அதில் நன்றாகப் பழகியிருந்தாள். நிஜப் பனியில் சறுக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட, முதலாளி சரி என்றார். ஆனால் விருந்தில் இருபதாவது நாள்கூட ஆகவில்லை.

"ஊரு மாறலாம். நாளு மாறாது" என்றார் முதலாளியின் மனைவி. நான் அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

ஆகவே வறுத்த அரிசிமாவு, தேங்காய்ப்பால் பொடி, கருப்பட்டி, மசாலா டப்பாக்கள், இடியாப்ப உரல், நான் எல்லோரும் பனிமலைக்குப் போனோம்.

முதல் நாள் வேன் பயணம். முன் சீட்டு மரியாதைக்குரியது, அது மாப்பிள்ளைக்கு. அந்தப் பக்கத்துக் கண்ணாடிதான் நாலு விரல் இறங்கியபடி சிக்கிக்கொண்டிருந்தது. ஹீட்டரின் சூடு பின்னால் இருந்த எங்களுக்கு மட்டும் வந்தது. நாங்கள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் மீசை வெளுத்துக்கொண்டே வந்தது. பின்னால் வாங்க என்று சொன்னால் மரியாதையைப் பிடுங்கினது மாதிரி ஆகிவிடும். யாரும் சொல்லவில்லை.

"மாப்பிள்ளைக்கு வசதியா இருக்கா?" என்று முதலாளி கேட்டார்.

"நல்லாக் காத்து வருது மாமா" என்றார் அவர். பற்கள் தந்தியடித்தன.

ரஷ்யாவுக்குப் போகும் லாரிகள் மலைப்பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. பாம்பன் பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கிக் கடலைப் பார்ப்பார்களே, அதுபோல இங்கேயும் டிரைவர்கள் இறங்கி நின்று சிகரெட் பிடித்தார்கள். ரோட்டோரம் ஒரு பெண் மெழுகுவர்த்தி மாதிரி எதையோ கயிற்றில் தொங்கவிட்டு விற்றாள். அக்ரூட் பருப்பை நூலில் கோத்து, திராட்சைச் சாற்றுக் கூழில் முக்கிக் காயவைத்தது. லாத்தா ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.

"தொதல்தான். நூலை மட்டும் எடுக்க மறந்துட்டாக" என்றார்.

தங்கிய இடம் அடுக்குமாடி ஓட்டல். அறையோடு சின்னச் சமையலறை. மலையுச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது, ஆனால் அரிசி வேகமாட்டேன் என்கிறது. இடியாப்பம் வழக்கத்தைவிட இருமடங்கு நேரம் எடுத்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருந்தது. உப்பளத்தில் வேலை பார்த்தவனுக்கு அந்தக் கண்கூச்சம் பழக்கம்தான். உப்பு காலைத் தின்னும். இது காலை மறக்கடித்துவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாம் நாள் சறுக்கப் போனோம். வாடகைக்குக் கொடுக்கும் பூட்ஸ் சிமெண்டுத் தொட்டி மாதிரி இருந்தது. போட்டால் முழங்காலுக்குக் கீழே நம் கால் நமக்குச் சொந்தமில்லை. மாப்பிள்ளையின் பூட்ஸ் கொக்கியை மாட்ட முதலாளியே குனிந்தார். மாப்பிள்ளை பதறிப்போய்க் காலை இழுத்தார். இழுத்த காலில் ஏற்கெனவே ஆளுயரச் சறுக்குப் பலகை மாட்டியிருந்ததால் அது முதலாளியின் தொப்பியைத் தட்டிவிட்டது. இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டார்கள்.

கற்றுக்கொடுக்க வந்தவன் பெயர் லெவான். சிவந்த முகம், பெரிய சிரிப்பு. எனக்கு வளைகுடாவில் பொறுக்கிய இங்கிலீஷ் இருந்ததால் நான்தான் மொழிபெயர்ப்பாளன். "முன்பக்கம் இரண்டு பலகையையும் ஒட்டி வை. பின்பக்கம் அகட்டு. பயப்படாதே" என்றான். சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை விழுந்தார்.

முதலாளி எங்களுக்கு முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார்: "அவக விழுந்தா ஒருத்தரும் பாக்கப்படாது. சிரிக்கப்படாது. எல்லாரும் மலையைப் பாருங்க." பார்த்தோம். முதலாளி, லாத்தா, ரைகானா, நான் நாலு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி எதிர்மலையைப் பார்த்தோம். மாப்பிள்ளை எழுந்ததும் திரும்பினோம். மறுபடி விழுந்தார். மறுபடி மலை.

ஆறாவது தடவை லெவானும் அந்த மலையைப் பார்த்தான். "அங்கே என்ன இருக்கிறது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். "உங்கள் தொழுகைத் திசையா?"

"இல்லை. அவர் புது மாப்பிள்ளை" என்றேன்.

அவன் தலையாட்டிக்கொண்டான். ஒன்றும் புரிந்திருக்காது.

இது போதாது என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. விழுகிற ஆள் மாப்பிள்ளை ஒருவராகவே இருந்தால் அவமானம் அவருக்கு மட்டும் சேர்கிறதே! அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மாப்பிள்ளை விழுந்ததும் தானும் சட்டென்று பனியில் உட்கார்ந்துவிடுவார். அறுபதைத் தாண்டிய மனிதர், கனத்த உடம்பு. "ஐயோ, இங்கன ஒரே வழுக்கல்!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு உட்காருவார். பலகைகூட அவர் காலில் இல்லை. அவரைத் தூக்க நானும் லெவானும் சேர வேண்டியிருந்தது. தூக்கி நிறுத்துவோம், அந்தப் பக்கம் மாப்பிள்ளை விழுவார், இந்தப் பக்கம் முதலாளி உட்காருவார்.

பத்தாவது தடவையோ என்னவோ, ரைகானாவுக்குத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். அதையும் மீறிச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அவள் சிரித்தது அவள் வாப்பாவைப் பார்த்துத்தான். ஆனால் மாப்பிள்ளை அப்போது ஹெல்மெட்டோடு தலைகுப்புறப் பனியில் கிடந்தார். லாத்தா மகளின் கையைக் கிள்ளினார். சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோர் முகமும் செத்துப்போயிற்று.

அன்று பகல் சாப்பாட்டை மாப்பிள்ளை தொடவில்லை.

இதன் கனம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. விருந்து நடக்கிற வீட்டில் மாப்பிள்ளை தட்டைத் தள்ளிவைத்தால் அது வீட்டு ஆட்களைத் தள்ளிவைத்த மாதிரி. ஏன் என்று கேட்கவும் முடியாது. கேட்டால் குறையைச் சொல் என்று கட்டாயப்படுத்தினதாக ஆகும். ஆகவே யாரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைக் கேட்டார்கள்.

"ஏலே காசிம், உப்புக் கூடிப்போச்சா?"

"இல்ல முதலாளி."

"கறி வேகலையோ?"

"பஞ்சு மாதிரி வெந்திருக்கு."

மூன்றாம் நாள் இடியாப்பம் திரும்பி வந்தது. நெய்ச்சோறு திரும்பி வந்தது. மாப்பிள்ளை தனியாகப் பயிற்சிச் சரிவுக்குப் போய், தனியாக விழுந்து, தனியாகத் திரும்பினார். சாயங்காலம் ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண், வழியில் பார்த்த என்னிடம், "உங்கள் வீட்டு இளைஞர் நாளை காலையில் விமான நிலையம் போக டாக்சி கேட்டிருக்கிறார். ஒரே ஒருவருக்கு" என்றாள். நான் முதலாளியிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? அவர் சோபாவில் உட்கார்ந்தார். இந்தத் தடவை நிஜமாகவே உட்கார்ந்தார்.

"விருந்து முடியாம மாப்பிள்ளை அவக உம்மா வீட்டுக்குப் போனா, நான் எந்த மூஞ்சியோட தெருவுல நடப்பேன்?"

ரைகானா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு நாள்.

நான்காம் நாள் விடிகாலைத் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் எழுந்து நின்றேன்.

"உக்காருங்க காக்கா. நீங்களும் எந்திரிச்சு நிக்காதீங்க" என்றார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

எனக்கு அந்த வீட்டுத் தெருவில் மானம் ஒன்றும் இல்லை. ஆகவே கேட்டுவிட்டேன். "ரைகானா சிரிச்சதுக்கா கோபம்?"

"சிரிச்சாளா?" அவர் கண் விரிந்தது. "எப்ப? நான் பாக்கலையே!"

"நீங்க பனிக்குள்ள தலையை விட்டிருந்தப்ப."

"அடடா" என்றார். உண்மையாகவே ஒரு நல்லது கைதவறிப் போன மாதிரி. பிறகு அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "நான் விழுந்தா அவளும்ல மலையைப் பாக்குறா! மாமா பாத்தா பரவாயில்ல. பொண்டாட்டி பாக்கலாமா? இருபத்தி ரெண்டு நாளா என் தண்ணிய நான் மோந்து குடிக்கல காக்கா. விருந்தாளியாவே வச்சிருக்காக. விருந்தாளின்னா என்னைக்காச்சும் ஒரு நாள் கெளம்பணும்ல? அதான் கெளம்புறேன்."

"சாப்பிடாம ஏன் கிடக்கீக?"

"வயித்துல எடம் இருந்தாத்தானே! கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா?"

கிடைத்தது. அரிசி வேக முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கென்று பையில் முடிந்துவைத்திருந்த நெத்திலிக் கருவாட்டை வெறும் சட்டியில் வாட்டினேன். மூன்று கிண்ணம் குடித்தார். நெற்றியில் வேர்வை வந்தது. அந்த ஊரில் நான் பார்த்த முதல் வேர்வை. குடித்துவிட்டு, நான் தடுக்கத் தடுக்க, கையை மடித்துவிட்டுக்கொண்டு கிண்ணத்தைக் கழுவ ஆரம்பித்தார்.

கருவாட்டு வாசனை கதவுக்குக் கட்டுப்படாது. முதலாளி உள்ளே வந்தார். அவர் கண்டது இது: மாப்பிள்ளை தொட்டியில் பாத்திரம் கழுவுகிறார், சமையல்காரன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான்.

"கஞ்சியா? என் வீட்டு மாப்பிள்ளைக்கா? நோம்பும் இல்ல, காய்ச்சலும் இல்ல, கஞ்சி ஊத்துனியா?"

"மாமா, நான்தான்..."

"நீங்க பேசாதீக மாப்பிள்ளை. குளிருல தொண்டை கட்டிக்கும்." என் பக்கம் திரும்பினார். "ஏலே, பையை எடு. வெளிய போ."

எடுத்தேன். வாசலில் ஷூ மாட்டும்போது ரைகானா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உங்கக்கிட்ட என்ன சொன்னாரு காக்கா?"

"நீ மலையைப் பாக்குறது பிடிக்கலையாம்" என்றேன். "நீ சிரிச்சதைப் பாக்காம விட்டுட்டோமேன்னு வருத்தப்பட்டாரு."

அவள் திரும்பி உள்ளே ஓடினாள். நான் படியிறங்கிவிட்டேன்.

அப்படித்தான் அந்த ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். பாஸ்போர்ட்டில் இந்த நாட்டு முத்திரைக்கு இன்னும் பல மாதம் ஆயுள் இருந்தது. அதனால் எங்கே போவது என்ற கேள்விக்கு அவசரம் இல்லை. காது மட்டும் அவசரப்படுத்தியது. குளிரில் அறுந்து விழுந்துவிடும் போலிருந்தது. பயிற்சிச் சரிவு முடிந்து ரோட்டைத் தொடுகிற வளைவுக்கு வந்தபோது மேலேயிருந்து ஒரு கத்தல்.

"காக்கா! நில்லுங்க! இல்ல, தள்ளுங்க! நிறுத்தத் தெரியல!"

பலகைகளை அகட்டி, கைகளை விரித்து, மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். விழாமல் வந்துகொண்டிருந்தார்! முழுச் சரிவையும் கடந்துவிட்டார். நான் உரலோடு ஒதுங்கினேன். அவர் ரோட்டோரத்தில் குவித்திருந்த பனிமேட்டுக்குள் தலைகுப்புற இடுப்புவரை புகுந்தார். ஒரு பலகை கழன்று தனியாகப் போய் நின்றது.

பின்னாலேயே ரைகானா வழுக்கிக்கொண்டு வந்து அழகாக நின்றாள். எதிர்மலை அங்கேதான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. மேட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புருஷனின் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கச் சிரித்தாள்.

"பம்பு மாதிரியே இறங்கிட்டியளே!"

"கயிறு போட்டுத் தூக்குடி!" என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

முதலாளி நடந்தும் சறுக்கியும் இறங்கி வந்து சேர்ந்தார். பின்னால் லாத்தா. நிலைமையைப் பார்த்தார். முதலாளியின் முட்டி பழக்கத்தில் மடங்க ஆரம்பித்தது.

"மாமா, உக்காராதீங்க!" மாப்பிள்ளை தலையை வெளியே எடுத்துவிட்டார். புருவமெல்லாம் பனி. "நான் விழுந்தா நான் விழுந்ததாவே இருக்கட்டும். இந்த ஒண்ணையாச்சும் எனக்கு விட்டுத் தாங்க."

முதலாளி பாதி மடங்கின முட்டியோடு நின்றார். மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. லாத்தாதான் அவர் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினார். "அதான் சொல்றாகல்ல. நிமிருங்க" என்றார். அப்புறம் தானும் முக்காட்டுக்குள் சிரித்துவிட்டார். கடைசியாகத்தான் முதலாளி. முதலில் மூக்கு விடைத்தது. பிறகு வயிறு குலுங்கியது.

சொல்லிவைத்த மாதிரி டாக்சி மேலே ஏறி வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. விமான நிலையத்துக்கு யார் என்று டிரைவர் கேட்டார். ரைகானா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

மாப்பிள்ளை பனியைத் தட்டிக்கொண்டு வந்து என் பையை வாங்கி டாக்சியின் பின்னால் வைத்தார். "காக்காவை அவக சொல்ற எடத்துல விட்டுருங்க" என்று சைகையில் சொன்னார். ரைகானா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், எல்லோர் முன்னாலேயும்.

"ஏலே காசிம், கோபத்துல சொன்னது. மேல வா" என்றார் முதலாளி.

"வரலாம் முதலாளி. ஆனா வந்தா மறுபடியும் இடியாப்பம் பிழிவேன், அவக மறுபடியும் டாக்சி சொல்லுவாக" என்றேன். அவருக்கு அது புரிந்தது. சலாம் சொல்லிக் கைகொடுத்தார்.

டாக்சிக்காரர் மலையடியில் லாரிகள் நிற்கும் இடத்தில் டீ குடிக்க நிறுத்தினார். அது மானானா என்ற அம்மாளின் சாப்பாட்டுக் கடை. அகலமான தோள், மாவு படிந்த முழங்கை. கழுவாத பாத்திரம் கூரைவரை அடுக்கியிருந்தது. பரிமாறுகிற ஆள் முந்தின நாள் சொல்லாமல் நகரத்துக்குப் போய்விட்டானாம், டாக்சிக்காரர் சொன்னார். நான் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் பாத்திரம் தீர்ந்தது. மானானா ஒரு ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்து, பின்னால் ஒரு கட்டிலைக் காட்டி, விரலால் சூரியன் உதிப்பது மாதிரி வரைந்து காட்டினாள். காலையில் வேலைக்கு வா என்று அர்த்தம்.

விடிந்ததும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பெரிய அண்டாவுக்குப் பின்னால் நின்றேன். பீன்ஸ் குழம்பு, அடுப்பு ரொட்டி. ஆளுக்கு ஒரு கரண்டி. எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வர வேண்டும். எட்டு மணிவாக்கில் அந்த வேன் வந்து நின்றது. ஊருக்குத் திரும்புகிறார்கள். மாப்பிள்ளை வேனின் பின் சீட்டிலிருந்து இறங்கினார்.

மூன்று பேர் மேசையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை உட்காரவில்லை. நாலு தட்டை எடுத்துக்கொண்டு நேராக வரிசைக்கு வந்தார். முதலாளி பாதி எழுந்தார். லாத்தா அவர் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

வரிசை நகர்ந்தது. அவர் என் முன்னால் வந்தார்.

"சாப்பிட்டீகளா ராத்திரி?" என்று கேட்டேன்.

"நானே முட்டை பொரிச்சேன். கருகிப்போச்சு. அவ நல்லாத் திட்டுனா." அவர் முகம் மலர்ந்திருந்தது.

மூன்று தட்டில் ஊற்றினேன். நாலாவது தட்டு அவருடையது. என் கை தன்னால் இரண்டாவது கரண்டியை முகந்தது. மானானா பக்கத்திலிருந்து மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். கரண்டி அண்டாவுக்குள் திரும்பிப் போனது.

"அது போதும் காக்கா" என்றார் சாதிக். நாலு தட்டையும் கையிலும் முழங்கையிலுமாக ஏந்திக்கொண்டு, சிந்தாமல், மாமனார் மேசையைப் பார்த்து மெதுவாக நடந்தார்.

பின்னால் நின்ற லாரிக்காரர் தட்டை நீட்டினார். நான் அவருக்கு ஊற்றினேன்.